ஆபரேஷனுக்கு முன் பறவை ஆட்டம்

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. லேக் மார்க்கெட்டில் முழங்கால் அளவு தண்ணீர். காபிப்பொடிக் கடை திறக்கவில்லை.

மழையோடு அலிப்பூர் போய் டாக்டரைப் பார்த்தாயிற்று. இரண்டு வாரத்தில் இடுப்பு ஆபரேஷன். எனக்கு எழுபத்தொன்று. இந்த வயதில் ஆபரேஷன் முடிந்ததும் சிலருக்குப் புத்தி குழம்புமாம். முன்கூட்டியே மூளைக்குப் பயிற்சி கொடுத்தால் தவிர்க்கலாமாம். உறுதி சொல்ல முடியாதாம். டேப்லெட்டில் விளையாட்டு. தினமும்.

உடனே சரி என்றேன். தம்பி சேதுதான் காரணம். போன வருஷம் இதய ஆபரேஷன். கண் விழித்து என்னைப் பார்த்ததும், "திருடி! வெளிய அனுப்பு இவள!" என்று கத்தினான். சில நாளில் தெளிந்துவிட்டது. ஆனால் இன்றுவரை அந்தப் பேச்சையே எடுக்க மாட்டான். வெட்கம்.

ஜூலை 9, புதன்

திரையில் ஒரு பறவை. கண் இமைப்பதற்குள் மறையும். எங்கே இருந்தது என்று தொட வேண்டும். எல்லாம் தப்பு.

இவர்: "இந்த வயசுல உனக்கெதுக்கு வீடியோ கேம்?"

மருமகள் மிதாலி, அவளுடைய வங்காளித் தமிழில்: "பாபா, நீங்க சும்மா இருங்க. மா, ஆர் ஏக்பார்! இன்னும் ஒரு தடவ."

பாத்ரூமில் கொஞ்சம் அழுதேன். பிறகு மறுபடி ஆடினேன்.

ஜூலை 13, ஞாயிறு

வாழைத்தண்டு வாங்கச் சொல்ல வேண்டும். தலைவலி. ஆனாலும் விடவில்லை.

மிதாலியை ஜெயித்துவிட்டேன்! பேங்க்கில் வேலை பார்க்கிறவள், முப்பத்திரண்டு வயது. "மா, சீட்டிங்!" என்கிறாள். இவரும் ரகசியமாக ஆடிப் பார்த்துத் தோற்றார். டேப்லெட் சரியில்லையாம்.

ஜூலை 20, ஞாயிறு

நாளை ஆபரேஷன். வலியைப் பற்றிப் பயமில்லை. மிதாலியைப் பார்த்து யார் நீ என்று கேட்டுவிடுவேனோ என்றுதான்.

ஜூலை 22, செவ்வாய்

ஆஸ்பத்திரி. எழுத்து கோணல். இடுப்பில் வலி. புத்தி தெளிவு!

நேற்று விழித்ததும் நர்ஸ் பேர், ஊர், கிழமை கேட்டாள். எல்லாம் சொன்னேன், வங்காளியிலேயே. இன்று காலையும் கேட்டாள். அப்போதும் சொன்னேன். பயிற்சியால்தானா என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். சரி. உழைத்தது நான்தானே.

சாயங்காலம் காளிகாட்டிலிருந்து சேது வந்தான். கதவோடு நின்றுவிட்டான்.

"அக்கா... என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன? சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்க. வாடா உள்ள."