கரையில் முதல் விலை சொல்பவர்

நேற்று மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. ஜெனரேட்டர் இருமி எழுந்தது. டீசல் புகை பந்தியின் மேல் இறங்க, யாரும் முகம் சுளிக்காமல் பாயசத்துக்குக் காத்திருந்தார்கள். வெளியே தென்னை வளைகிற அளவுக்குக் காற்று. உன் நினைவு வராமல் என்ன செய்யும்?

நீ ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்ட என்ஜினியர். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். ஆனி ஆடியில் காற்று ஆளைத் தள்ளும்போது உனக்குப் போன் வரும்: கம்பியில் இடமில்லை, காற்றாடிகளை நிறுத்து. அதே மத்தியானம் முட்டத்தில் உன் வீட்டில் மின்வெட்டு. மின்சாரம் கூடிப்போனதால் ஓரிடத்தில் நிறுத்தினார்கள், குறைந்துபோனதால் இன்னோரிடத்தில் வெட்டினார்கள். இரண்டுக்கும் காரணம் கேட்டால் மரியாதையாகப் பதில் சொன்னார்கள்.

உன் யோசனை எளிமையானது. வீணாகும் அந்தக் கரண்டில் காற்றாடியின் காலடியிலேயே தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பது. அதை சிலிண்டரில் அடைத்து முட்டத்து ஐஸ் கம்பெனிக்கு அனுப்புவது. அங்கே ஜெனரேட்டரில் டீசலோடு கலந்து எரிப்பது. ஐஸ் கம்பெனி அந்தோணி அண்ணன் டீசல் வாங்கியே ஓய்ந்துபோயிருந்தார். இப்படியே போனால் மூடிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூடினால், மீன் விற்கும் பெண்கள் வெயில் ஏறுமுன் கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டும். உன் அக்காவும் அவர்களில் ஒருத்தி. பூமி சூடாவதைப் பற்றி நீ ஒருநாளும் பேசியதில்லை. அக்காவின் மீன் சூடாவதுதான் உன் கவலை.

கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்து நாம் போட்ட கணக்கு நினைவிருக்கிறது.

"காத்து ஓசி, தண்ணி ஓசி. பின்ன என்ன செலவுலே?" என்றாய்.

"மெசினுக்கு?"

"அது ஒரு தடவதானே."

காற்று வருவது நாலைந்து மாதம், மீதி மாதங்களில் இயந்திரம் ஓய்வெடுக்கும், வங்கி வட்டி ஓய்வெடுக்காது என்றேன். வாயுவை அழுத்தி அடைக்க ஒரு செலவு. இரும்பு சிலிண்டரை லாரியில் ஏற்றிக் கடற்கரை வரை கொண்டுவர இன்னொரு செலவு. எப்படிக் கூட்டினாலும் டீசலைவிட அதிகமாகத்தான் வந்தது. இயந்திரங்கள் நிறையச் செய்தால் விலை இறங்கும். நிறையச் செய்ய வேண்டுமானால், விலை இறங்காதபோதே யாராவது வாங்க வேண்டும். நீ கடலைப் பார்த்தபடியே சொன்னாய்.

"மெசினுக்க வெல பெருசில்ல மக்கா. அது சும்ம நிக்குதுல்லா, அதாக்கும் வெல."

பிறகு நான் வாசித்த தடித்த அறிக்கைகளில் இதே விஷயம் வரைபடங்களோடு இருந்தது.

கடன் கேட்டுப் போனபோது வங்கி மேலாளர் நமக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"வேற எங்கயாவது ஓடுதா?"

"இல்ல சார்."

"ஓடுன பொறவு வாங்க."

கடைசியில் உன் ஊரையே நம்பினாய். மீன்பிடிப்பில் ஒரு பங்கு மாதா கோயிலுக்கு என்பது அந்தக் கரையின் வழக்கம். அந்தப் பங்கிலிருந்து சில வருடம் கொஞ்சம் ஒதுக்கினால் டீசலுக்கும் உன் வாயுவுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைச் சமாளிக்கலாம், ஐஸ் கம்பெனியும் நிற்காது. ஞாயிறு பூசை முடிந்து ஊர்க்கூட்டத்தில் இதை நன்றாகத்தான் விளக்கினாய். பிறகு உண்மையையும் சொன்னாய்.

"மொதல்ல டீசலவிடக் கூடத்தான் வரும். பொறவு கொறையும்."

பரம்பரையாக மீன் ஏலம் எடுப்பவர்களிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அந்தக் கரையில் முதலில் விலை சொல்பவன் ஏமாளி. மீன் மணலில் கிடக்கும், எல்லோரும் வேறு எங்கோ வேலை இருப்பதுபோல வானத்தைப் பார்த்து நிற்பார்கள்.

பின்வரிசையிலிருந்து டெம்போ ஓட்டும் சேவியர் எழுந்தான். "ஏலே, பொறவு கொறையும்னா நாங்க பொறவு வாங்கிக்கிடுதோம்."

பூசை வைத்த பங்குச் சாமியார்கூடச் சிரித்துவிட்டார். நானும் பொருளாதாரம் படித்தவன்தான். அவன் கணக்கில் இன்றுவரை ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் உன்னை வெறுங்கையோடு அனுப்ப ஊருக்கு மனமில்லை. பக்கத்து ஊர் வாங்கினால் நாமும் வாங்குவோம் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். நீ அன்று சாயங்காலமே பக்கத்து ஊருக்குப் போனாய். அங்கேயும் ஒருமனதாக அதே முடிவு.

"ரெண்டு ஊருக்கும் சம்மதமாக்கும்," என்றாய் என்னிடம். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த காற்றுக்காலத்துக்கு முன் அந்தோணி அண்ணன் கம்பெனியை மூடினார். உன் அக்கா மத்தியானத்துக்குள் வீடு திரும்பத் தொடங்கினாள். "இண்ணைக்கு எவ்வளவுக்குப் போச்சு?" என்று நீ கேட்பாய்; அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பாள்.

நீ வாயு வெடித்துச் சாவாய் என்று ஊரில் பேச்சிருந்தது. ஒரு சிலிண்டரைக்கூட நிரப்பிப் பார்க்காமல், ஆடிக் காற்றில், நிறுத்தச் சொன்ன காற்றாடியின் படிகளில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து செத்தாய்.

குவைத்திலிருந்து உன் தம்பி வரும்வரை உன்னை வைத்திருக்க வேண்டும். குளிர்பெட்டி வந்தது. கரண்டு போனது. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் எத்தனை இழுத்தும் கிளம்பவில்லை. பெட்டிக் கண்ணாடியில் வேர்த்தது.

"ஐஸு கொண்டு வாங்கலே! எனக்க தம்பி கெடக்கான் பாருங்க!" என்று உன் அக்கா கத்தினாள்.

ஊரில் ஐஸ் எங்கே இருக்கிறது? ஐஸ் கம்பெனி பூட்டுப்போட்டுக் கிடந்தது. அந்தோணி அண்ணன்தான் முதலில் எழுந்தார். சட்டைப்பையில் இருந்ததை எண்ணாமல் எடுத்து சேவியர் கையில் திணித்தார்.

"எங்க கெடைக்கோ அங்க போ. ரேட்டு கேக்காண்டாம்."

அவர் சொல்லி முடிக்குமுன் சேவியர் டெம்போவை எடுத்துவிட்டான். பின்னாலேயே ஆண்களும் பெண்களும் மடியிலிருந்தும் முந்தானை முடிச்சிலிருந்தும் எடுத்து நீட்டினார்கள். ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து ஊர் என்ன கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை; அதற்குள் பக்கத்து ஊரிலிருந்தும் ஐஸ் வந்திறங்கியது. உன்னைச் சுற்றி இடுப்பளவுக்கு அடுக்கினார்கள்.

வருடந்தோறும் வகுப்பில் சொல்கிறேன்: ஒரு புதுப் பொருள் மலிவாக வேண்டுமானால் அதை விலை கூடியிருக்கும்போதே வாங்க யாராவது வேண்டும். பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். அந்த யாராவதை நான் ஒரு ஊர் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை. விலை கேட்காமல் முதலில் கொடுக்க உன் கரையால் முடியும் என்று, உன்னைச் சுற்றி ஐஸ் அடுக்கிய அன்று தெரிந்துகொண்டேன். முடியாது என்றே நம்பியிருந்தால், இத்தனை வருடத்தில் உன் சாவு எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.