நாத்தனார் கூப்பிட்ட சுஷி விருந்து

மார்ச் 4, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லை. சாயங்காலம் நாத்தனார் போன் பண்ணினாள், ஜனவரிக்குப் பிறகு முதல் முறையாக. அவள் பிறந்தநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட வர வேண்டுமாம். எங்கே? மீனும் இறாலும் நண்டும் வைத்துச் சோற்றைச் சுருட்டித் தரும் ஜப்பான்காரச் சுஷி கடைக்கு.

இறாலும் நண்டும் எனக்கு விஷம் என்று தெரிந்தவள். ஜனவரியில் அவள் வீட்டில், இறால் பொரித்த எண்ணெயிலேயே எனக்கு உருளைக்கிழங்கு பொரித்துக் கொடுத்தாள். தெரியாமல்தான். தொண்டை அடைத்து, அலர்ஜிக்கென்று கையோடு வைத்திருக்கும் ஊசியைத் தொடையில் குத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இப்போது சுஷி! இவளுக்கு என்னதான் ஆச்சு?

மார்ச் 5

என் வீட்டுக்காரர் ஒரே பேச்சாக வேண்டாம் என்றுவிட்டார். தங்கை மேல் கோபமில்லையாம், பயம்தானாம். எனக்கு மட்டும் பயமில்லையா என்ன?

மார்ச் 7, வெள்ளி

நாத்தனாரே கடைக்கு வந்து நின்றாள். கண்ணாடி தளர்ந்துவிட்டதாம். தளரவேயில்லை. இருந்தாலும் வாங்கி, திருகாணியை முடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன். நான் முகம் பார்க்காதபோதுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

எனக்கு சுஷி ஆசை இருப்பது அவளுக்குத் தெரியும். ஊரிலுள்ள கடைகளில் ஏறி இறங்கியிருக்கிறாள். இறாலை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறோம் என்றவர்களிடம் நன்றி சொல்லித் திரும்பிவிட்டாளாம். ஒரு சமையல்காரர் மட்டும், துளி பட்டாலும் ஆகாதா என்று அவரே கேட்டாராம். கடை திறந்ததும் வந்தால், இறாலை வெளியே எடுக்கும் முன்பே தனிப் பலகையில், தனிக் கத்தியில் செய்து தருவாராம். பொரித்தது எதுவும் கிடையாது. நண்டு மாதிரிச் சிவப்பாகச் செய்கிற நண்டுக் குச்சி மீன்தான் என்றாலும் அதில் நண்டுச் சாறு சேர்க்கிறார்களாம், அதுவும் கிடையாது.

"எண்ணெயைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல அண்ணி," என்றாள். குரல் உடைந்துவிட்டது.

என் கண்ணுக்குத் திருகாணி தெரியவில்லை.

மார்ச் 8

அந்தச் சமையல்காரரிடம் நானும் பேசினேன். பூசி மெழுகாமல் பேசினார். அலர்ஜி டாக்டரையும் கேட்டேன். மீன் ஒத்துக்கொள்ளும் என்று சோதனையிலேயே தெரிந்ததுதான். ஆனாலும் முழு உத்தரவாதம் யாராலும் தர முடியாது, ஊசி இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். எல்லாவற்றையும் வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர், "சரி, நான் உன் பக்கத்துலயே உக்காருவேன்," என்றார்.

மார்ச் 12, புதன்

போய் வந்துவிட்டேன். 

நாங்கள்தான் முதல் ஆட்கள். பரிமாறும் பெண் தட்டை வைத்தாள். நான் சாப்பிடும் குச்சிகளை எடுப்பதற்குள் நாத்தனார் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"நாங்க சொன்னதுல இந்தச் செவப்பு இல்லையே. என்னது இது?"

நண்டுக் குச்சி. வேறொருவர் வீட்டுக்குப் பார்சல் கேட்டிருந்தது எங்கள் தட்டுக்கு மாறி வந்துவிட்டது. இவர் எழுந்துவிட்டார். எழுந்திரு, போகலாம் என்றார். நானும் பையை எடுத்தேன்.

சமையல்காரர் வெளியே வந்து, சாக்குச் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார். போவதென்றால் தப்பாக நினைக்க மாட்டேன் என்றார். உட்கார்ந்தால், எங்கள் கண்ணெதிரே எல்லாம் புதிதாகச் செய்வதாகச் சொன்னார். மேசையைத் துடைத்தார், கை கழுவினார், புதுக் கையுறை, வேறு பலகை. நான் உட்கார்ந்தேன்.

முதலில் வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டியது. பிறகு சால்மன் மீன். சோறு லேசான புளிப்பு, மீன் வெண்ணெய் மாதிரி. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை வருஷம் ஏங்கினேன்? ஆமாம், இதற்குத்தான்! இன்னொரு தட்டு கேட்டேன். இவர் என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

மார்ச் 13

உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. யார் யாருக்கென்று நன்றி சொல்வது?

மார்ச் 30, ஞாயிறு

நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாடு. எதை எதில் சமைத்தாள் என்று நான் கேட்கும் முன்பே சொல்லிச் சொல்லிப் பரிமாறினாள். இவர், "போதும்டி, அவளைச் சாப்பிட விடு," என்றார்.

நான் தட்டை நீட்டி, இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.