பெட்டிக்குள் ஒரு குரல்

அன்பு மச்சானுக்கு,

இல்லை, டேப் ரிக்கார்டர் கெட்டுப்போகவில்லை. அதில் பேசத்தான் மனம் வரவில்லை.

நேற்று மாமியுடன் சங்கரன்கோவிலில் பழைய பாட்டுக் கருவிகளின் காட்சிசாலைக்குப் போனேன். காவலாளி ஒரு கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். ஆண் குரல் கேட்டதும் மாமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

“பாடினவரு செத்து அம்பது வருசமாச்சும்மா,” என்று காவலாளி சிரித்தார்.

மாமி சிரிக்கவில்லை. “எம்புள்ளையும் இப்படிப் பெட்டிக்குள்ளயே இருந்துருவானோ, மக்கா?” என்று என்னிடம் கேட்டார்கள்.

துபாயில் இன்னும் இரண்டு வருடம் இருக்கப்போவதாக நீங்கள் பேசி அனுப்பியதை நான் அவர்களுக்குப் போட்டுக் காட்டவில்லை.

கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் பாடுவீர்கள். சுருதி விலகும், நான் சிரிப்பேன், நீங்கள் நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பீர்கள். கேசட்டில் வரும் குரல் எதற்கும் நிற்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும், நான் பேசுவதற்காக நீங்கள் அனுப்பிய புதுக் கேசட்டை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

உங்கள் பாட்டுக்குச் சிரித்தவள்