கழித்த ஏணி

26.8.68, திங்கள்

கச்சான் காற்று. மேசையெல்லாம் புழுதி. தண்ணீர் குடித்தாலும் வாய்க்குள் மண்.

ஏணி பார்க்கும் நாள். துறைமுக வேர்க்‌ஷொப்பில் உள்ள எல்லா ஏணிகளையும் முற்றத்தில் கிடத்தச் சொன்னேன். முணுமுணுப்பு. "ஐயாவுக்கு வேற வேலையில்லை." என் காதில் விழவேண்டுமென்றே சொன்னது.

கால் தேய்வு, படி ஆட்டம், பக்கக் கம்பில் வெடிப்பு. பிறகு மரச்சுத்தியலால் ஒவ்வொரு படியாகத் தட்டுவது. நல்ல மரம் கணீர் என்னும். உளுத்தது பொத்தென்னும். நீள ஏணியின் மேல் படி ஒன்று பொத்தென்றது. கம்போடு சேருமிடத்தில் உள்ளுக்குக் கறுப்பு. வெடிப்பும் உண்டு. கழித்தேன். சிவப்புப் பெயின்றால் குறுக்கே கோடு.

கழித்ததை அன்றே வாளால் அறுக்கவேண்டும். க. விடவில்லை. "அறுக்கிறதோ? நல்ல சாமான். விடுங்கோ, பாப்பம்." இவன் புதிதாக வந்தபோது அளவுகோல் பிடிக்கக் காட்டிக்கொடுத்தவன் நான். இன்றைக்கு அவன் மேலதிகாரி. மின்விசிறி அவன் தலைக்கு மேலே, புழுதி எனக்கு.

வீட்டு ஏணியையும் பார்த்தேன். ஒரு படி இருந்த இடத்தில் தும்புக் கயிறு. அவிழ்த்தெறிந்தேன். றோசலின்: "அப்ப பரணுக்கு நான் பறந்தோ ஏறுறது?"

மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

27.8, செவ்வாய்

நீள ஏணியைக் காணவில்லை. கேட்டேன். மாதா கோயிலுக்குக் கொடுத்தாயிற்றாம். பெருநாள் வருகிறது, தோரணம் கட்ட ஏணி வேண்டுமென்று வந்து கேட்டார்களாம். க. கையெழுத்துப் போட்டு வாசலால் விட்டிருக்கிறான். "புண்ணியம்தானே ஐயா." அடுத்தவன் முதுகெலும்பில் புண்ணியம் தேடுகிறான். இங்கே இதுதான் வழக்கம். வேலைக்கு உதவாது என்று கழிக்கிறதெல்லாம் கோயிலுக்கு உதவும்.

வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனது யாரென்று கேட்டேன். மரியதாஸ்.

றோசலினுடைய தம்பி, என் மச்சான். அடுத்த வளவு. எங்கள் காணிக்குள் ஒரு முழம் தள்ளி மதில் கட்டியவன். அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் பேச்சில்லை. கோயில் வேலையென்றால் ஆக உயரத்தில் நிற்பது அவன்தான்.

பல்வலி. கராம்பு வைத்தேன். பிரயோசனமில்லை.

28.8, புதன்

வேலை முடிந்து நேரே கோயிலுக்கு. ஏணி மதிலோடு சாத்திக் கிடக்கிறது. முழுக்க நீலம்! மாதாவின் நிறமாம். என் சிவப்புக் கோடு போயிற்று, வெடிப்பும் போயிற்று. பெயின்ற் உள்ளே இறங்கி அடைத்து, புது ஏணி மாதிரி இருக்கிறது. மர ஏணிக்குப் பெயின்ற் அடிக்கக்கூடாது, எண்ணெய்தான் பூசவேண்டும் என்று வருஷக்கணக்காகத் தொண்டை கிழியச் சொல்கிறேன். பெருநாள் வந்தால் இவர்கள் அசையாமல் நிற்கிற எதற்கும் பெயின்ற் அடிப்பார்கள்.

பங்குச் சுவாமியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"உங்கட மதில் பிரச்சினையைக் கோயிலுக்குள்ள கொண்டுவராதேங்கோ."

"சுவாமி, நான் ஏணியைப் பற்றிக் கதைக்கிறன்."

"ஓம் ஓம். எனக்கு விளங்குது."

என்ன விளங்கியது?

29.8, வியாழன்

றோசலினைத் தம்பியிடம் அனுப்பினேன். மதிலைச் சுற்றிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அவன் சொன்ன பதில்: "நான் உயரத்தில நிக்கிறது அத்தானுக்குப் பொறுக்காது, அக்கா."

சொல்லிவிட்டு இவளுக்குச் சிரிப்பு வேறு.

விழுந்தால் விழட்டும் என்றேன். சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு குசினிக்குள் சட்டி பானைச் சத்தம் மட்டும்.

குச்சவெளிப் பஸ்ஸில் வந்த கருவாடு, வாங்கி வைத்தது அப்படியே கிடக்கிறது.

30.8, வெள்ளி

கொடியேற்றம் மாலையில். அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது.

ஏணியைக் கோயில் முகப்பில் சாத்தி, மரியதாஸ் பாதி உயரத்தில். தோளில் தோரணக் கயிறு. அடியில் பிடிக்க ஒருவருமில்லை.

"இறங்கடா!" மதிலுக்குப் பிறகு அவனுக்கு நான் சொன்ன முதல் வார்த்தை.

குனிந்து பார்த்தான். பல்லெல்லாம் தெரிய இன்னும் ஒரு படி ஏறினான். "ஆர், அத்தானோ? இஞ்சயிருந்து மதில் வடிவாத் தெரியுது. நேராத்தான் இருக்கு!"

சனம் சிரித்தது. "மேல் படி உளுத்துப் போச்சு!" என்று கத்தினேன். இன்னொரு படி. அப்போதுதான் உறைத்தது: நான் வாய் திறக்கத் திறக்க இவன் மேலே போவான். வாயைப் பொத்திக்கொண்டு ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்தேன். பெண்கள் பக்கம் நின்ற றோசலினைப் பார்த்தேன். என் முகத்தில் என்ன கண்டாளோ, ஓடி வந்தாள்.

"தம்பி, கெதியா இறங்கு! பிள்ளைக்குக் காய்ச்சல், உன்ர மனுசி அழுதுகொண்டு நிக்கிறாள்!"

கயிற்றைப் போட்டுவிட்டு மளமளவென்று இறங்கினான். "எந்தப் பிள்ளைக்கு?"

"ஒண்டுக்குமில்லை. இறங்கினாய்தானே."

ஏணியைச் சரித்து நிலத்தில் கிடத்தினேன். அந்தப் படியில் ஒரு காலை வைத்தேன். அழுத்தவும் இல்லை. பொத்தென்று போனது.

"கோயில் சாமானை மிதிச்சு உடைக்கிறார்!" என்று ஒருத்தி கத்தினாள். மரியதாஸ்: "வேணுமெண்டு உடைச்சவர். நான் நிண்டு வேலை செய்த ஏணி!" உடைந்த துண்டை நீட்டினேன். உள்ளே கரி மாதிரி. ஒருவரும் வாங்கிப் பார்க்கவில்லை. சுவாமி தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

31.8, சனி

கோயில் ஏணியை உடைத்தவன். சந்தையில் மீன்காரன் வரைக்கும் தெரியும். க. கேட்டால் துள்ளுவான்.

றோசலின் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்வந்தாள். "கொடியேற்றத்தண்டு கோயில் வாசலில பொய் சொன்னனான், உங்களால." உயிரோடு ஒரு தம்பி இருக்கிறானே, அதற்கு ஒரு சொல்? இல்லை. எனக்கு ஆரும் நன்றி சொல்லவேண்டாம். அந்தத் துண்டை ஒருவனாவது கையில் வாங்கியிருக்கலாம்.

மத்தியானம் இன்னொரு செய்தி. தோரணம் அரைகுறையாக நிற்கிறதென்று சாம்பல்தீவிலிருந்து வேறு ஏணி இரவல் எடுத்திருக்கிறார்கள். மூங்கில். படியெல்லாம் கயிற்றுக் கட்டு. ஏறப்போவது மரியதாஸ்தானாம். என்ன கயிறு, எப்போது கட்டியது, ஆர் பார்த்தது? என்னை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள்.

எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. றோசலின் என் சட்டையை எடுத்துக் கதிரையில் போட்டுவிட்டு, தானும் செருப்பைப் போடுகிறாள்.