பெயரில்லாத ஆசிரியை

பிரியமான அக்காவுக்கு,

செம்பூரில் நாம் போன மூன்று நாள் சபைத் தலைமைப் பயிற்சி நன்றாகவே நடந்தது. சாப்பாடும் பரவாயில்லை.

இரண்டாம் நாள், பெயர் போடாமல் நாம் ஒவ்வொருவரும் எழுதிக்கொடுத்த பிரச்சினைகளில் ஒன்றைப் பயிற்சியாளர் வாசித்தார். மகளைப் பறிகொடுத்த ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி. இரண்டு வருடமாக அவளால் ஜெபிக்க முடியவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். பெயர் இல்லை. வடாலா ஸ்டேஷனில் அழுதுகொண்டே உங்களிடம் மட்டும் நான் சொன்னது அது.

"இவங்க கையில பிள்ளையள விடலாமா?" என்று அவர் கேட்டார். கூடாது என்று எல்லோரும் கை தூக்கினார்கள். என் முகத்தைப் பார்க்காமல் நீங்களும் தூக்கினீர்கள்.

நான் எழுந்தேன். "அது நாந்தான் பிரதர். ஜெபிக்க முடியலன்னுதான் சொன்னேன். பிள்ளையள விட்டுட்டேன்னு சொல்லல."

என் தாராவி ஞாயிறு பள்ளி வகுப்பை இனி நீங்கள் எடுப்பீர்கள் என்று போதகர் நேற்று வீட்டுக்கு வந்து சொன்னார். சரி என்றேன்.

வகுப்பு போனதைத் தாங்கிக்கொள்வேன், அக்கா. என் மகளைப் பற்றிப் பேச எனக்கு இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

இப்படிக்கு,
உங்களுக்குத் தங்கையாக இருந்தவள்