வண்டி வெளியே நிற்கட்டும்

அன்பு அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

டீ இடைவேளையில் எழுதுகிறேன். போன வாரம் ஓட்டல் சலவையறையில் ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டேன், பயப்படாதே. ஒரு தள்ளுவண்டி நிறையத் துணியை இஸ்திரி போட்டு முடிக்குமுன்பே சூப்பர்வைசர் அடுத்ததை உள்ளே தள்ளுவார். குவியலைப் பார்த்தாலே எனக்கு அவசரம் வந்துவிடும், சூட்டைக் கவனிக்காமல் தேய்ப்பேன். அன்று விரிப்பு தீய்ந்ததும் இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன்.

“இது முடிஞ்சாதான் சார் அடுத்த வண்டி உள்ள வரணும்.”

“வேலை வேணுமா, வேணாமா?”

“வேணும் சார். அதனாலதான் சொல்றேன்.”

முறைத்தார். ஆனால் வண்டியை அவரே வெளியே தள்ளினார். அதன்பின் எதுவும் தீயவில்லை, வேலையும் சீக்கிரம் முடிகிறது.

நீ தம்பியைத் திட்டுவதைப் போனில் பதிந்து அனுப்பு. இங்கே யாருக்கும் ஒழுங்காகத் திட்டத் தெரியவில்லை.

கதவைத் தட்டுகிறார்கள், அடுத்த வண்டி. நிற்கட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் திறப்பேன்.

உன் மகள்