மூட்டையின் மேல் என் முகம்

ஜூன் 2
அன்புள்ள மகனுக்கு,
நலம். விதைக் கடை வாசலில், உன் பண்ணைக் கோழி எச்ச மூட்டையின் மேல் என் முகத்தை இன்று கண்டேன். உன் தங்கையின் திருமணத்தில் எடுத்த படம். கீழே, 'அம்மாவின் சுத்தமான இயற்கை உரம்' என்று அச்சு. மூட்டை கசிந்து என் மோவாய் வரை ஈரம் ஏறியிருந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியும் நாற்றம் விடவில்லை. கடைக்காரர், "நீங்கதானேம்மா இது? என்னமா சிரிக்கிறீங்க!" என்றார். கோழிக்குக் கொடுக்கும் மருந்தெல்லாம் எச்சத்தில்தானே இறங்கும், இதுவா சுத்தம்? படத்தை எடுத்துவிடு.
உன் தாய்

ஜூன் 9
அம்மா,
கோபப்படாதீங்க. உங்க முகத்தைப் பார்த்தாதான் சனம் நம்பி வாங்குது. கோழிக்குச் சீக்கு வராம இருக்கத் தீவனத்துல மருந்து கலக்குறோம், உண்மைதான். அதுல பெரும்பாலும் எச்சத்துலயே வந்துடும். ஆனா வயல்ல விழுந்தா வெயிலும் மண்ணும் சேர்ந்து பத்து நாள்ல தின்னு தீர்த்துடும். மண்ணு செரிக்காததா? உங்க மருமக உங்களை நலம் விசாரிச்சா.
உங்க குட்டி

ஜூன் 17
மகனுக்கு,
மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டேன். சில மருந்துகள் சில நாளில் சிதைந்துவிடும். நீ தீவனத்தில் கலக்கும் டெட்ராசைக்ளின் களிமண்ணைப் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்குமாம். நடவுக்கு நடவு கொட்டினால், முன்னது சிதையுமுன் அடுத்தது வந்து சேரும். அந்த மருந்துக்குச் சாகாத கிருமிகள் அங்கேயே பெருகும். குவித்து மூடி, சூடேறவிட்டு, கிளறி மட்க வைத்தால் பெரும்பகுதி குறையுமாம். நீயோ பச்சையாகவே லாரியில் ஏற்றுகிறாய்.

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். நீ இல்லை. "கீரைப் பாத்திக்கு நம்ம உரம் போடலையா?" என்று மருமகளைக் கேட்டேன். "ஐயோ அத்தை, அதை மட்டும் போடாதேன்னு அவர் சொல்லியிருக்கார். பிள்ளைங்க சாப்பிடுறதாச்சே!" என்றாள்.

தெரியாமல் செய்கிறாய் என்று நினைத்திருந்தேன். உனக்குத் தெரியும். தெரிந்த பொய்யை என் வாயால் சொல்ல வைத்திருக்கிறாய். அந்த நாற்றமே தேவலை.
தாய்

ஜூன் 24
அம்மா,
உங்க படத்தை எடுத்தாச்சு. என் மாமியார் படம் போட்டிருக்கேன், சந்தோஷமா சரின்னுட்டாங்க. மாசக்கணக்கா குவிச்சு வெக்க இடம் ஏது? அக்கம்பக்கமும் சண்டைக்கு வரும். இனியாச்சும் பேசுவீங்களா?
குட்டி

ஜூலை 1
மகனுக்கு,
சம்பந்தியம்மாள் வீட்டுக்கு ஒரு மூட்டையோடு போனேன். வாசலில் வைத்துப் பிரித்தேன். கீரைப் பாத்தி விஷயத்தையும் சொன்னேன். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "என் மூஞ்சியை முதல்ல கிழிக்கச் சொல்லுங்க!" என்றார்.

இனி மிச்சம் உன் முகம் ஒன்றுதான். அதை அச்சடி. அச்சடிக்க நீ கூசாத அளவுக்கு உரம் மட்கிய நாளில் வீட்டுக்கு வா. அதுவரை எழுதாதே, பிரிக்க மாட்டேன்.
தாய்